பொது மீட்டரிலிருந்து தொடங்குங்கள்: தென்சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேளச்சேரி, மடிப்பாக்கம், பெருங்குடி, பள்ளிக்கரணை வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வேளச்சேரியில் 48 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் வசிப்பவள். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஐந்து வருடம் எங்கள் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். உங்களில் பலர் இப்போது ஆண்டுப் பொதுக்குழுவுக்கு நாள் குறித்துக்கொண்டிருப்பீர்கள். அஜெண்டா அச்சாவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஸ்டில்ட் பார்க்கிங்கில் நின்ற கார்கள், ஜெனரேட்டர், மோட்டார் அறை எல்லாம் மூழ்கிவிட்டன. மூன்று நாள் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. முதல் மாடியிலிருந்து கயிற்றில் வாளி கட்டி இறக்கிப் பால் பாக்கெட் வாங்கினோம். 2015-இல் பட்டதையே எட்டு வருடத்துக்குள் மறுபடி பட்டோம். அந்த மூன்று நாளும் மாடிப்படியில் உட்கார்ந்து நாங்கள் பேசாத பேச்சில்லை: சதுப்பு நிலத்தில் எழுந்த கட்டடங்கள், தூர்ந்த கால்வாய்கள், மாறிப்போன மழை. தண்ணீர் வடிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி மனதில் தங்கிவிட்டது. கடல் சூடேறச் சூடேறப் புயல்கள் கூடுதல் மழையைச் சுமந்து வருகின்றன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில் எங்கள் 48 வீட்டின் பங்கு எவ்வளவு? அதில் எங்கள் கையால் குறைக்கக்கூடியது எது? வெள்ளத்தில் நனையாமல் தப்பிய ரசீதுக் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பொது மீட்டர். நம் வீட்டு மீட்டர் 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிறோம். பொது மீட்டரை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்கு எல்லாம் சேர்ந்து வரும் அந்தத் தொகை மெயின்டனன்ஸில் கரைந்துவிடும். எங்கள் பொது மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 4,000 யூனிட் ஓடியிருந்தது. நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. அப்படியென்றால் யாருக்கும் சொந்தமில்லாத அந்த ஒரு மீட்டரிலிருந்து மட்டும் வருடத்துக்கு 17 டன்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒருநாள் எண்ணூர்ப் பக்கம் போய்வந்தேன். நாம் சுவிட்ச் போடுவது வேளச்சேரியில். நிலக்கரி எரிவது அத்திப்பட்டில், மேட்டூரில், தூத்துக்குடியில். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலப்பதைப் பற்றி எண்ணூர் மீனவர்கள் வருடக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். கரையில் கால் வைத்தேன். கறுப்புச் சேறு இருக்கவேண்டிய இடத்தில் வெளிர்சாம்பல் நிறத்தில், சலித்த சிமெண்ட் மாதிரி ஏதோ ஒன்று கணுக்கால் வரை உள்ளே இழுத்தது. இறால் தடவிப் பிடித்த இடம் அது என்று பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார். அதன் பிறகு பொது மீட்டரின் எண்களை வெறும் செலவாக என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்கு முன்பு நாங்களும் எல்லாரும் செய்வதைத்தான் செய்திருந்தோம். லிஃப்டுக்குள் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். வாட்ஸ்அப் குழுவில் பூமி தினத்தன்று வாழ்த்து அனுப்பினோம். ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. குப்பையைப் பிரியுங்கள், விளக்கை அணையுங்கள், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வாளியில் பிடியுங்கள் என்று எந்தச் சுற்றுச்சூழல் அறிவுரையை எடுத்தாலும் அது கடைசியில் அடுப்படியில் நிற்கும் பெண்கள் தலையில்தான் விடிகிறது. அவர்களிடம் சொல்வதற்கு முன்னால் சங்கம் தன் கையில் இருக்கிறதைச் செய்ய வேண்டும். மோட்டார் சங்கத்தின் கையில் இருக்கிறது. மொட்டை மாடி, மழைநீர்க் குழி, லாரித் தண்ணீர், குப்பைத் தொட்டி, ஜெனரேட்டர், பார்க்கிங் எல்லாமே அப்படித்தான். இவற்றுக்கெல்லாம் அறிவுரை தேவையில்லை, பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.

மோட்டாரைச் சொல்கிறேன். எங்கள் சம்ப் மோட்டார் கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருப்பது. வருடத்துக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியன் வருவார், மூடியைக் கழற்றுவார், கருகிய வாசனை வரும். “காயில் போயிடுச்சு டீச்சர், கட்டிரலாம்” என்பார். 3,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும். புது மோட்டார் என்றால் 25,000. நானே மூன்று முறை காயில் கட்டுவதற்கு வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கண்ட இடத்தில் காயில் கட்டிய மோட்டார், அதே தண்ணீரை ஏற்றக் கூடுதல் கரண்ட் இழுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அது மட்டுமில்லை. அது எங்கள் உயரத்துக்கும் தேவைக்கும் பெரிய மோட்டார். பில்டர் வைத்தது, நாங்கள் கேட்டதில்லை. மேலே தொட்டி நிரம்பி மாடிச் சுவரில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டால்தான் வாட்ச்மேன் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பார். அந்தச் சுவரில் பச்சைப் பாசியாக ஒரு பட்டையே இருந்தது. ஏற்றிய தண்ணீரும் வீண், ஏற்றிய கரண்டும் வீண்.

சரியான அளவில் ஐந்து நட்சத்திர மோட்டார் ஒன்று, தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் லெவல் கண்ட்ரோலர் ஒன்று, மாடிப்படியில் ஆள் நடந்தால் மட்டும் எரியும் எல்.இ.டி. விளக்குகள். இவ்வளவுதான் செய்தோம். அடுத்த பில் 3,300 யூனிட். சுவரில் பாசி காய்ந்து உதிர்ந்துவிட்டது.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் பெரிய கணக்கு வெளியில் நிற்கிறது. கோடையில் நாம் வாங்கும் 12,000 லிட்டர் லாரி, புறநகர்க் கிணற்றிலிருந்து போக வர 40 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். பத்து லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. லோடுக்கு 27 கிலோ. இது போக, குடிநீர் வாரியத் தண்ணீரும் சும்மா வருவதில்லை. தென்சென்னைக்கு நெம்மேலியிலிருந்து வருவது கடலைச் சுத்திகரித்த தண்ணீர். கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தேவைப்படும்.

மேலே வானத்திலிருந்து விழுவதற்கு எந்தக் கரண்டும் வேண்டாம். எங்கள் மொட்டை மாடி 8,000 சதுர அடி. சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பாருங்கள்: பத்து லட்சம் லிட்டர், அதாவது 80-க்கு மேற்பட்ட லாரிகள். டிசம்பரில் பூமியே நிரம்பி நிற்கும்போது அத்தனையையும் பிடிக்க முடியாது என்பது உண்மைதான். பாதியைப் பிடித்தால்கூட 40 லாரி. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நாம் எல்லாரும் குழி தோண்டினோம். அந்தக் குழி இப்போது எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்களுடையதைத் திறந்தபோது கூழாங்கல்லுக்கு மேல் ஒரு முழம் வண்டல், அதற்குள் ஷாம்பு பாக்கெட், செருப்பு, கிரிக்கெட் பந்து மூன்று. இரண்டு ஆள், ஒரு நாள் கூலி, அவ்வளவுதான் செலவு. இப்போது புரட்டாசி பிறந்தால் குழி தூர்வாருவது எங்கள் சங்கத்தில் ஆயுத பூஜை மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது. ஐப்பசி மழை மாடியிலிருந்து நேராக வடிகட்டித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து முதலில் சம்ப், சம்ப் நிறைந்தால் பழைய கிணறு. கடந்த கோடையில் லாரி வாங்கியது ஒன்பதே முறை. அதற்கு முந்தைய வருடம் முப்பதுக்கு மேல்.

அடுத்து சோலார். இதை முதல் கூட்டத்திலேயே வைத்தேன், தோற்றேன். மேல்மாடி வீட்டுக்காரர்களுக்கு மாடியில் துளை போட்டால் ஒழுகும் என்ற பயம். பெரியவர்களுக்கு வடாம், வத்தல், துணி எங்கே காயப்போடுவது என்ற கவலை. இரண்டுமே நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் இல்லாமல் கூட்டத்துக்குப் போனது என் தவறு. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூட்டி வந்து வரைபடத்தோடு மறுபடி வைத்தோம். தளத்தைத் துளைக்காமல், தூண்களின் தலைக்கு மேல் சின்னக் கான்கிரீட் பீடம் கட்டி அதில் சட்டத்தைப் பொருத்துவது; எட்டடி உயரத்தில் பலகைகள், கீழே துணி காயப்போட நிழலான இடம்; கிழக்குப் பக்கம் கால்வாசி மாடி வடாமுக்கென்றே திறந்தவெளி. 2016-இல் வர்தா புயல் வேளச்சேரியில் எத்தனை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது என்று நினைவிருக்கும். சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று வேகத்தை அடிப்படையாக வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கணக்கை எழுத்தில் தராத ஒப்பந்தக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விலை குறைவாகச் சொன்ன ஒருவரை நாங்கள் அப்படித்தான் அனுப்பினோம்.

15 கிலோவாட் போட்டோம். கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும், நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 3,600 யூனிட். பொது மீட்டர் கேட்பது 3,300. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் தனி வீட்டுக்கு மட்டும்தான் மானியம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு, வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரைக்கும். எங்களுக்கு 2,70,000 கிடைத்தது. மீதிக்குக் கார்பஸ் ஃபண்டிலிருந்து, அதாவது சங்கத்தின் சேமநிதியிலிருந்து, எடுத்தோம். ஒரு வீட்டுக்குக் கணக்கிட்டால் 12,500 ரூபாய் சுமாருக்கு வந்தது. முன்பு விடிகாலை ஐந்து மணிக்கு ஓடிய மோட்டாரை இப்போது காலை பதினொன்றுக்கும் மதியம் இரண்டுக்கும் ஓடவிடுகிறோம். வெயில் இருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடுகிறது.

வீடுகளுக்கும் இதையே சொல்கிறேன். தமிழ்நாட்டில் பகலில் சூரிய மின்சாரம் நிறைய ஓடுகிறது. சூரியன் மறைந்து எல்லா வீட்டிலும் விளக்கும் ஏ.சி.யும் ஓடும் நேரத்தில் அனல்மின் நிலையங்கள்தான் அதிகம் தாங்குகின்றன. வாஷிங் மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் முடிந்தவர்கள் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி குப்பை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் நாங்கள் அதிகம் அடிபட்டதும் அதிகம் கற்றதும் இதில்தான்.

பெருங்குடிக் குப்பைமேட்டைப் பற்றி நம் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரலில் அது பற்றியெரிந்தபோது நம் ஜன்னல்களுக்குள் வந்த புகை இன்னும் நினைவிருக்கும். அது நின்றது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், அதே வருடம் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலத்தில். சாப்பாட்டு மிச்சமும் காய்கறித் தோலும் காற்றுப் புகாமல் மலையாகக் குவிந்தால் மக்கும்போது மீத்தேன் கிளம்புகிறது. இருபது வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும் வாயு அது. அதே கழிவு காற்றோட்டத்தில் மக்கினால் மீத்தேன் மிகக் குறைவு, கிடைப்பது உரம். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016-இல் ஒரு விதி வந்தது.

நாங்கள் முதலில் செய்தது, ஒரு மெஷின் வாங்கியது. ‘இருபத்துநாலு மணி நேரத்தில் உரம்’ என்று சொல்லி ஒரு நிறுவனம் நான்கு லட்சத்துக்கு விற்றது. அது குப்பையைக் கரண்டில் சூடாக்கிக் காயவைக்கும் பெட்டி, வேறொன்றும் இல்லை. வெளியே வந்த பொடியைத் தொட்டியில் போட்டு நீர் ஊற்றியதும் மறுபடி ஊறிப் பூஞ்சை பிடித்து நாறியது. கரண்ட் பில் ஏறியது. ஏழாவது மாதம் ஹீட்டர் போனது, சர்வீஸுக்கு ஆள் வரவில்லை. அந்த நான்கு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அந்தப் பணம் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. தயவுசெய்து நீங்கள் அந்த வழியில் போகாதீர்கள்.

பிறகு மதில் ஓரமாக, பக்கவாட்டில் ஓட்டை போட்ட பெரிய டிரம் எட்டு வைத்தோம். 48 வீட்டிலிருந்து நாளைக்கு 25 கிலோ ஈரக்குப்பை. முதல் மாதம் வெள்ளைப் புழு நெளிந்து வெளியே வந்தது, கீழ்வீட்டு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டார். தப்பு எங்கே என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தூய்மைப் பணியாளர் அம்மா. அவர் சொந்த ஊரில் மாட்டுச் சாணக் குப்பைக்குழி பார்த்து வளர்ந்தவர். “எல்லாம் ஈரமா இருக்கும்மா, காஞ்சது ஒண்ணுமே இல்ல” என்றார். எங்கள் வளாகத்து வேப்பமரமும் புங்கமரமும் உதிர்க்கிற சருகை அதுவரை தினமும் கூட்டி மூலையில் கொளுத்திக்கொண்டிருந்தோம்! அந்தச் சருகுதான் மருந்து. ஒரு பங்கு குப்பைக்கு ஒரு பங்கு சருகு, மேலே ஒரு கை பழைய உரம், வாரத்துக்கு ஒருமுறை புளித்த மோர் தெளிப்பு, இரண்டு நாளுக்கு ஒரு கிளறல். சாம்பார், ரசம் மீந்தால் வடித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னோம். பத்தாம் நாள் டிரம்முக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இட்லிப் பானையைத் திறந்தது போல் சூடு. ஐம்பது, அறுபது டிகிரி வரை ஏறும் அந்தச் சூட்டில் புழு பிழைக்காது. இரண்டு மாதத்தில் கறுப்பாக, உதிரியாக, முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையோடு உரம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளறுவதும் சருகு சேர்ப்பதும் வேலை. அந்த வேலையைச் சம்பளம் ஏற்றாமல் தூய்மைப் பணியாளர் மேல் சுமத்துகிற எந்தக் குடியிருப்பும் தன்னைப் பசுமைக் குடியிருப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நாங்கள் மாதம் 3,000 ரூபாய் கூட்டிக் கொடுக்கிறோம், கையுறையும் பூட்ஸும் சங்கச் செலவு. உரம் விற்ற காசும் அவருக்கே.

வீடுகளுக்குள் போகும் விஷயம் இரண்டைத்தான் தொடுகிறேன். முதலாவது விசிறி. ஏ.சி.யைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், மார்கழியிலும் நிற்காமல் ஓடும் விசிறியை மறந்துவிடுகிறோம். பழைய விசிறி 75 வாட் இழுக்கிறது, பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் வைத்த விசிறி 30 வாட்தான். எங்கள் குடியிருப்பில் மொத்தம் 240 விசிறிகள். சங்கமே ஆர்டர் எடுத்து மொத்தமாக 150 வாங்கியதில் 3,000 ரூபாய் விசிறி 2,400-க்குக் கிடைத்தது. நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 24,000 யூனிட் மிச்சம். தொடக்கத்தில் எங்கள் பொது மீட்டரில் வருடம் முழுக்க ஓடியதும் இதே 24,000 யூனிட்தான்.

இரண்டாவது ஏ.சி. கேஸ், அதாவது ஏ.சி.க்குள் சுற்றி அறையைக் குளிர்விக்கும் வாயு. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது பலருக்குத் தெரியும். கேஸைப் பற்றித் தெரியாது. நம் கடற்கரைக் காற்றில் காயிலும் குழாயும் துருப்பிடித்துப் பொடி ஓட்டை விழும். கோடை தொடங்கியதும் சர்வீஸ்காரர் வந்து “கேஸ் இறங்கிடுச்சு, போட்டுரலாம்” என்பார். ஓட்டையை அடைக்காமல் போட்டால் அடுத்த சித்திரைக்குள் அதுவும் காற்றில் போய்விடும். ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு பெட்ரோல் ஸ்கூட்டர் 40,000 கிலோமீட்டர் ஓடினால்தான் அவ்வளவு புகை வரும். அதனால் நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் கேஸ் நிரப்ப வேண்டும் என்பதைச் சங்கம் தன் வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். பழைய ஏ.சி.யைக் கழற்றும்போதும் கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. புதிது வாங்குபவர்களிடம் ஆர்-32 கேளுங்கள் என்று சொல்லலாம், அதன் சூடேற்றும் திறன் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 கிடைத்தால் இன்னும் நல்லது.

வண்டிகள் விஷயத்தில் சங்கம் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன். பார்க்கிங்கில் தனி மீட்டரோடு 15 ஆம்பியர் பிளக் ஆறு வைத்ததும், ஒரே வருடத்தில் பதினோரு மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது. “கரண்டே நிலக்கரிதானே டீச்சர்” என்று கேட்டவர்களுக்காக அதையும் கணக்குப் போட்டேன். கிலோமீட்டருக்கு வெளியேறும் கரியமில வாயு, மின்சார ஸ்கூட்டருக்கு 20 கிராம், பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 50 கிராம். ஜெனரேட்டரில் லிஃப்டும் மோட்டாரும் தவிர மற்றதைக் கழற்றிவிட்டோம், படிக்கட்டு விளக்குக்குச் சின்ன இன்வெர்ட்டர் போதுமானதாக இருக்கிறது.

பொதுக்குழுவில் எழப்போகும் இரண்டு கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள். ஒன்று, வாடகைக்கு இருப்பவர்கள். எங்களில் 21 வீடு வாடகை. ஓட்டு உரிமையாளர்களுக்கு, மாத மெயின்டனன்ஸ் கட்டுவது வாடகைக்கு இருப்பவர்கள். நாளை காலி செய்யப்போகிறவரிடம் சோலாருக்குப் பணம் கேட்பது நியாயம் இல்லை. கட்டடத்தில் ஒட்டிக்கொள்கிற எதுவும் உரிமையாளர் செலவு, பில் குறைவது இருப்பவர் லாபம் என்று தீர்மானத்திலேயே எழுதினோம். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். மெயின்டனன்ஸ் குறைந்த வீட்டுக்கு ஆள் சீக்கிரம் வருகிறது என்று கண்டபின் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்று, “நாம் 48 வீடு செய்து என்ன ஆகப்போகிறது, அரசாங்கம் செய்யட்டும்” என்பது. அரசு செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது, அதை நானும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று சென்னை மாநகரின் காலநிலைச் செயல்திட்டம் 2023-இல் சொல்லிவிட்டது. அந்த மாநகரம் என்பது நம் மொட்டை மாடிகளும் சேர்ந்ததுதான். இதே சென்னையில் 1989-இல் எக்ஸ்னோரா என்ற மக்கள் அமைப்பு தொடங்கியபோது, தெருக்காரர்கள் சேர்ந்து வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஒரு ஆளை நியமித்து, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க வைத்தார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் வங்கியில் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கி, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றே கடனை அடைத்தது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் அன்றாடக் கூலிக்கும் தோட்ட வேலைக்கும் போகிறவர்கள். கார்பஸ் ஃபண்டை வைப்புநிதியில் போட்டு வட்டி பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அவர்களைவிட என்ன குறை?

என் கோரிக்கை இதுதான். இந்தப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கும்போது, கடந்த ஒரு வருடத்தின் ஆறு பொது மீட்டர் பில்களையும் யூனிட் எண்ணிக்கையோடு, வாங்கிய லாரிகளின் எண்ணிக்கையோடு, ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் லிட்டரோடு ஒரே தாளில் அச்சடித்து எல்லார் கையிலும் கொடுங்கள். வேறு எதையும் அன்றைக்கு முடிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை. மோட்டார், மழைநீர்க் குழி, ஈரக்குப்பை மூன்றையும் ஐப்பசிக்குள் முடிக்கவும், சோலாருக்கு ஒரு சிறு குழு அமைக்கவும் தீர்மானம் போட முடிந்தால் மிகவும் மகிழ்வேன்.

எங்கள் தீர்மானங்களின் வாசகம், இன்ஜினீயரின் வரைபடம், மூன்று ஒப்பந்தக்காரர்களின் விலைப்பட்டியல் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. கேட்கும் சங்கத்துக்கு நகல் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் டிரம்களைக் கிளறுவோம், யார் வேண்டுமானாலும் வந்து கையை விட்டுப் பார்க்கலாம். உங்கள் மாடியை அளக்க வேண்டுமென்றால் அளவு நாடாவோடு நான் வருகிறேன். முட்டி வலி இருக்கிறது, லிஃப்ட் நிற்கும் மாடி வரை வந்துவிடுவேன், அதற்கு மேல் படியேற ஒருவர் கை கொடுத்தால் போதும்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து ஒரு முன்னாள் பொருளாளர்